வேரைத் தாண்டிய கலப்பை

உழவுத் தொழிலின் சரித்திரத்தை எழுதப் புகுவோர், அரசர் வெட்டிய ஏரிகளையும், எழுப்பிய அணைகளையும், விதித்த நிலவரியையும் விரித்துரைத்து, கொல்லன் பட்டறையில் நிகழ்ந்தவற்றை ஒரு வரியில் முடித்துவிடுவது வழக்கம். அறுவடை நாளில் அச்சு ஒடிந்தபோது அதைக் கட்டியவன் யார், எதைக்கொண்டு கட்டினான் என்பதைக் கூறும் கல்வெட்டு யாண்டும் இல்லை. நம் சங்கத்துக் குடும்பங்களுட் பல, நிலத்தையும் பட்டறையையும் நம்பியே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவை. ஆதலின், இம்மாதம் பட்டறைச் சரித்திரம் ஒன்றை அன்பர்கள் முன் வைக்கத் துணிந்தோம். அது நம் தேயத்துச் சரித்திரமன்று. கடல் கடந்த தென் ஆஸ்திரேலியாவின் சரித்திரம். ஆயினும் படித்து முடிப்போர்க்கு அது அயலதாகத் தோன்றாதென்பது நம் எண்ணம்.

தென் ஆஸ்திரேலியா 1836-ம் வருஷத்தில் ஆங்கிலேயர் குடியேற்ற நாடாயிற்று. அண்டையிலிருந்த குடியேற்றங்களுக்குக் குற்றவாளிகளைக் கப்பலேற்றி அனுப்பி, அவர்களைக் கொண்டு வேலை வாங்கினர். தென் ஆஸ்திரேலியாவுக்கோ அவ்வாறு அனுப்புவதில்லை என்பது முதலிலேயே செய்துகொண்ட ஏற்பாடு. ஏற்பாடு மேன்மையானதே, ஆனால் நிலம் மிகுதியாகவும் கூலியாள் குறைவாகவும் இருந்த நாட்டில் அதன் பயன் யாதெனில், விளைந்த கோதுமையை அறுக்க ஆளில்லாமையே. 1843-ம் வருஷத்து விளைச்சலைக் கண்டு குடியானவர் மகிழ்வதற்கு மாறாகக் கலங்கினர். முற்றிய கதிர் வெயிலில் உதிர்வதற்குள் அரிவாளால் அறுத்து முடிக்கத்தக்க ஆட்கள் அந்நாட்டில் இல்லை. அறுவடை யந்திரம் ஒன்றைச் செய்துகாட்டுவோர்க்குப் பரிசளிப்பதாக அடிலெய்டு நகரத்தார் ஒரு குழு வைத்து விளம்பரம் செய்தனர். பலர் மாதிரிகள் கொணர்ந்தனர். குழுவினர் எதையும் ஒப்பவில்லை.

அப்போட்டியில் சேராத ஒருவரே காரியத்தை முடித்தவர். அவர் ஜான் ரிட்லி என்னும் மாவு யந்திரசாலைக்காரர். 1840-ல் அந்நாட்டுக்கு வந்தவர். கதிரைத் தாளோடு அறுக்க வேண்டுவதில்லை, தலையை மட்டும் உருவினாற் போதும் என்பது அவர் யுக்தி. முன்புறம் சீப்புப் போன்ற இரும்புப் பற்கள். அவற்றிடையே கதிர்த்தலைகள் சிக்க, பின்னே சுழலும் அடிப்பலகைகள் அவற்றைத் தட்டி மணியைப் பெட்டிக்குள் வீழ்த்தும். தாள் நிலத்திலேயே நிற்கும். முதலில் அதைக் குதிரைகள் பின்னிருந்து தள்ளிச் சென்றன. லவுடன் என்பாரின் விவசாயக் கலைக்களஞ்சியத்தில், பண்டை ரோமர் காலத்தில் கால் நாட்டில் வழங்கிய ஒரு பற்பெட்டி வண்டியைப் பற்றிய குறிப்பைப் படித்ததே தமக்கு முதல் தூண்டுதல் என்று ரிட்லியே கூறியுள்ளார். கிறிஸ்து சகாப்தத்தின் முதல் நூற்றாண்டில் பிளினி எழுதிவைத்த ஒரு செய்தி, ஆயிரத்தெண்ணூறு வருஷம் ஏட்டில் உறங்கிக் கிடந்து, மாவரைப்பவர் ஒருவர் கையில் விழித்தெழுந்ததென்றால், ஏட்டுப் படிப்பு உழவனுக்கு எதற்கு என்பார்க்கு வேறு விடை வேண்டுமோ?

இந்த யந்திரம் ஈரக்காற்று வீசும் இங்கிலாந்தில் பயன்படாது. மணி எளிதில் உதிராது. தென் ஆஸ்திரேலியாவின் வறண்ட கோடையில்தான் அது சரியாக வேலை செய்யும். இடத்துக்கேற்ற கருவி என்பதற்கு இதனினும் சிறந்த உதாரணம் அரிது. ரிட்லி இதற்கு உரிமைச் சாசனம் பெறவில்லை; விரும்பியோர் செய்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டார். ஜான் ராத்தால் புல் என்பவர், அடித்து உதிர்க்கும் கருத்து தம்முடையதே என்று வாதாடினார். அவ்வழக்கு அவர்கள் காலத்துக்குப் பின்னும் ஓயவில்லை. நாம் அதில் புகவில்லை.

நிற்க. 1851-ல் அண்டை நாடாகிய விக்டோரியாவில் பொன் கிடைக்கத் தொடங்கியதும், இருந்த ஆட்களும் மண்வெட்டியைத் தோளிலிட்டுப் பொன் தேடப் போயினர். அக்காலத்தில் உருவும் யந்திரம் இல்லாதிருந்தால் அடிலெய்டு மக்கள் பாடு என்னாகியிருக்குமோ! ஆனால், ஒரு முடிச்சை அவிழ்த்தால் அடுத்த முடிச்சு தெரிவது தொழிலின் இயல்பு. ஒரு குடும்பம் எவ்வளவு உழுது விதைத்தாலும் அறுத்துவிடலாம் என்றானபின், எவ்வளவு உழ முடியும் என்பதே கேள்வியாயிற்று. நல்ல வெளிநிலங்கள் எல்லாம் முன்வந்தோர் கைக்குப் போய்விட்டன. பின்வந்த ஏழைக் குடியானவர்க்கு மிஞ்சியது மாலிக் காடு.

மாலி என்பது, நம் வீட்டு மல்லிக்கு யாதோர் உறவுமில்லாத ஒருவகை யூகலிப்டஸ். நீலகிரியில் வெள்ளைக்காரர் கொணர்ந்து நட்ட தைலமரம் வானளாவ வளரும். இதுவோ அவ்வினத்துக் குள்ளன். ஒரே அடியிலிருந்து பல தண்டுகள் கிளைத்துப் புதர்போல் நிற்கும். அதன் பலம் மேலே இல்லை, கீழே. மண்ணுக்குள் கிழங்கு போலத் திரண்ட ஒரு பெருங்கட்டை இருக்கும். மேலே வெட்டினால் அக்கட்டை மறுபடியும் தளிர்க்கும், தீயிட்டாலும் தளிர்க்கும். அதைத் தோண்டி எடுக்க வேண்டுமானால் கோடாரியும் கடப்பாரையும் கொண்டு ஒவ்வொன்றாகப் போராட வேண்டும். ஏக்கர் கணக்கில் அவ்வாறு செய்யக் கூலி கொடுத்தால், நிலத்தின் விலையைக் காட்டிலும் கூலி மிகுந்துவிடும். பிடுங்காமல் உழுதாலோ, கொழு கட்டையில் மோதி ஒடியும். குதிரையின் தோள் புண்ணாகும். மேழி துள்ளி உழுபவன் விலாவில் இடிக்கும்.

நம் நாட்டு மரக்கலப்பை பிடித்தவர்கள் இங்கே ஒன்று கேட்கலாம்: மேழியைச் சற்றே தூக்கிவிட்டால் வேரைத் தாண்டாதோ என்று. தாண்டும். நம் கலப்பை இலேசானது, ஒரு கொழு உடையது, எருதுகள் மெல்ல நடப்பவை. உழவன் கை கண்போல் செயற்பட்டுக் கல்லையும் வேரையும் தவிர்த்துச் செல்லும். அவர்களது கலப்பையோ கனத்த இரும்பு. இரண்டு மூன்று கொழுக்கள் ஒரே சட்டத்தில் பூட்டப்பட்டவை. ஒரு கொழு மோதினால் எல்லாம் நிற்கும். ஆகவே, கையில் இருந்த அறிவை இரும்புக்குள் ஏற்றியாக வேண்டிய நிலை அவர்களுக்கு வந்தது.

இதற்கு முதல் வழி காட்டியவர் வாஸ்லீஸ் என்னும் ஊரைச் சார்ந்த மல்லன்ஸ் என்னும் குடியானவர். 1860-களின் பிற்பகுதியில் அவர் செய்தது இது: புதரைத் தரையோடு வீழ்த்தி எரித்துவிட்டு, கட்டைகளை நிலத்திலேயே விட்டு, இரும்பு முளைகள் அடித்த மரத்துண்டை அதன்மேல் இழுத்து மண்ணைக் கீறி விதைத்தார். அறுவடைக்குப்பின் நிற்கும் தாளுக்குத் தீயிட, இடையே தளிர்த்த மாலியும் கருகியது. சில வருஷம் இவ்வாறு செய்ய, கட்டை தளர்ந்து செத்தது. உருவும் யந்திரம் தாளை நிலத்திலேயே விட்டுச் செல்வதனால் அன்றோ இத்தீ எரிந்தது! ரிட்லி அதை நினைத்துச் செய்தவரல்லர். ஆனால் ஒருவர் யுக்தி மற்றொருவர் யுக்திக்கு விறகாயிற்று. பிற்காலத்தில் புதரை நசுக்கப் பழைய நீராவிக் கொதிகலங்களை உருளையாக்கி எருதுகளைக்கொண்டு இழுத்தனர். ஓய்ந்த கொதிகலத்தைக் குப்பையில் எறியாது காட்டில் உருட்டியவனை நாம் மெச்சுகிறோம்.

எனினும், முளையடித்த மரம் கீறுமேயன்றி உழாது. அதற்கு யோர்க் தீபகற்பத்தில் விடை கிடைத்தது. கல்கபரி என்னும் இடத்தில் ரிச்சர்டு போயர் ஸ்மித் என்பவர் 1876-ம் வருஷத்தில் ஒரு கலப்பை செய்தார். அவர் தம்பி கிளாரன்ஸ் ஹெர்பர்ட் ஸ்மித் துணைநின்றார். ஒருநாள் உழுதுகொண்டிருக்கையில் கலப்பையின் ஒரு மரையாணி ஒடிந்ததாம். ஒடிந்தும் நிறுத்தாமல் ஓட்டியபோது, தளர்ந்த கொழு கட்டையின்மேல் ஏறி அப்பால் இறங்கி மீண்டும் மண்ணைக் கவ்வியதாம். அதைக் கண்டே யுக்தி பிறந்ததாம். இது வழங்கிவரும் கதை. கதை எவ்வாறாயினும், பழுது என்று மற்றவர் திருத்தியிருக்கக்கூடியதை இவர்கள் ஏன் இப்படியே இருக்கலாகாது என்று கேட்டனர் என்பதில் ஐயமில்லை.

அக்கலப்பையின் அமைப்பைச் சற்று விரித்துக் கூறுவோம். பட்டறை வைத்திருக்கும் அன்பர்கள் அதைக் கேட்க விரும்புவார்கள். மூன்று கொழுக்கள், ஒவ்வொன்றும் தனித்தனிக் காலில் பொருத்தப்பட்டது. அக்கால் சட்டத்தோடு இறுக்கப்படாமல் கீல்போல் ஆடும்படி கோக்கப்பட்டிருக்கும். கொழு கட்டையில் மோதியவுடன் அது மட்டும் பின்வாங்கி மேலெழும். மற்ற இரண்டும் தம்பாட்டில் உழுதுகொண்டே செல்லும். கட்டையைக் கடந்தபின், நெம்புகோலில் தொங்கவிட்ட ஒரு பாரம் அக்கொழுவை மீண்டும் மண்ணுக்குள் அழுத்தும். அவ்வளவே. இதில் புதிய உலோகமில்லை, கணிதமில்லை. கீலும் நெம்புகோலும் பாரமும் எந்தக் கொல்லனும் அறிந்தவை. அவற்றைச் சேர்த்த விதமே புதிது. இக்கலப்பைக்கு விக்சன் என்று பெயரிட்டு, செப்புச் சுரங்க ஊராகிய மூன்டாவில் அவ்வருஷம் நவம்பரில் நடந்த விவசாயக் கண்காட்சியில் வைத்தனர்.

அரசாங்கம் செய்ததைக் கேளுங்கள். 1878-ம் வருஷத்தில், கட்டை பிடுங்கும் யந்திரத்தைச் செய்வோர்க்கு 200 பவுன் பரிசு தருவதாக அது அறிவித்தது. கட்டையைப் பிடுங்க வேண்டுவதில்லை என்று காட்டும் கலப்பை ஈராண்டுக்கு முன்னரே கண்காட்சியில் நின்றிருந்தது! கேள்வியைத் தவறாக வைத்துக்கொண்டு விடைக்குப் பரிசு அறிவிக்கும் வழக்கம் அந்நாட்டு அரசாங்கத்துக்கு மட்டும் உரியதன்று.

ஒழுங்கை விரும்பும் கண்ணுக்கு இவ்வுழவு அழகற்றதே. கட்டையைச் சுற்றிலும் உழாத திட்டுக்கள் நிற்கும். சால் வளைந்தும் நெளிந்தும் ஓடும். ஆனால், ஒவ்வொரு வருஷமும் உழவில் சில கட்டைகள் அசைந்து மேலே வரும். குடியானவனும் மனைவியும் மக்களும் அவற்றைப் பொறுக்கி வண்டியிலேற்றி விறகாக விற்பார்கள். மாலிக்கட்டை நின்றெரியும் விறகு. நகரத்து அடுப்புகளில் அதற்கு மதிப்புண்டு. நிலத்தைத் திருத்துவதற்குக் கூலி கொடுத்துக் கெட்ட நிலை மாறி, திருத்தத் திருத்தக் காசு வந்தது. கையில் முதலில்லாதவன் உழுதுகொண்டே திருத்தலாம் என்றாயிற்று. ஏழைக் குடும்பங்களுக்கு அக்கலப்பையால் விளைந்த உதவிகளுள் இதுவே பெரிதென்று நாம் கருதுகிறோம்.

ஸ்மித்துக்கு வந்த உதவி யாது? 1877-ல் உரிமைச் சாசனத்துக்குப் பதிவு செய்தவர், பின்னர் அதற்குரிய கட்டணத்தைச் செலுத்தித் தொடராமல் விட்டார். சாசனம் கழிந்தது, அக்கலப்பையை யார் வேண்டுமாயினும் அடிக்கலாம் என்றாயிற்று. ஊரூராகக் கொல்லர்கள் அடித்தனர். தம் நிலத்துக்கேற்பக் காலை நீட்டியும் பாரத்தை மாற்றியும் திருத்தினர். தம்பி கிளாரன்ஸ் ஆர்ட்ராசன் என்னும் கடற்கரையூரில் 1880-ல் தொழிற்சாலை வைத்து அதனை மேலும் செப்பஞ்செய்தார். முதலில் கண்டவர் யார் என்ற பூசல் எழுந்து, சில வருஷங்கள் கழித்துப் பாராளுமன்றமே ரிச்சர்டு ஸ்மித்தை அங்கீகரித்துக் கௌரவித்தது. கட்டணம் தொடர்ந்து கட்டியிருந்தால் ஸ்மித் செல்வராயிருப்பார். கலப்பை அத்துணை விரைவிற் பரவியிராது. எது நன்று என்று நம்மால் துணிந்துரைக்கக் கூடவில்லை. கண்டுபிடித்தவன் வீட்டு அடுப்பும் எரிய வேண்டும்.

மற்றொன்றையும் மறைத்தல் நேர்மையன்று. அந்தத் தீபகற்பம் வெற்றுக் காடாக இருந்ததன்று. நருங்கா என்னும் ஆதிக்குடிகளின் தாயகம் அது. கலப்பை முன்னேற முன்னேற அவர்கள் பின்தள்ளப்பட்டனர். மேலும், மாலியின் வேர்தான் அம்மணலைப் பிடித்து வைத்திருந்தது. மழை குறைந்த உட்பிரதேசங்களிலும் காட்டை அழித்து, தாளை எரித்து, வருஷந்தோறும் உழுததன் பயனை 1930-களிலும் 1940-களிலும் வந்த வறட்சியில் அந்நாட்டார் கண்டனர்: மேல்மண் புழுதிப்புயலாய்ப் பறந்து, வேலிகளை மூடி மேடிட்டது. மழை எல்லையைக் கண்டறிந்து கோய்டர் என்னும் நிலவளவை அதிகாரி 1865-லேயே படத்தில் ஒரு கோடு இழுத்திருந்தார். நல்ல மழை பெய்த சில வருஷங்களில் அக்கோட்டை எள்ளி நகைத்துத் தாண்டிச் சென்றோர், அடுத்து வந்த வறட்சியில் வீடுகளை விட்டுத் திரும்பினர். கொழு வேரைத் தாண்டலாம். உழவன் மழையைத் தாண்டுவதெங்ஙனம்?

இனி, விக்டோரியாவில் டிரம்மார்ட்டின் என்னும் சிற்றூருக்கு வருவோம். அங்கே ஹியூ விக்டர் மக்கே என்னும் பதினெட்டு வயதுப் பிள்ளை, தந்தையின் நிலத்திலிருந்த கொல்லுலைக் கொட்டகையில், தமையனோடு சேர்ந்து, பழைய உருவும் யந்திரத்தின் உறுப்புக்களையும் தூற்றும் யந்திரத்தின் உறுப்புக்களையும் ஒன்றாகக் கோத்து, 1884-ல் ஓர் யந்திரம் செய்தான். அது கதிரை உருவி, அடித்து, தூற்றி, சுத்தமான மணியாகத் தந்தது. அதே காலத்தில் ஜேம்ஸ் மாரோ முதலிய பிறரும் இதே வழியில் முயன்றனர் என்பதையும் கூற வேண்டும். மக்கே 1885-ல் உரிமை பெற்றார். சன்ஷைன் என்ற பெயரால் அது உலகமெங்கும் சென்றது. தொழிற்சாலை நின்ற ஊரும் அப்பெயரையே தாங்கியது. 1907-ல் அத்தொழிற்சாலையின் வழக்கிலேதான், ஒரு சாதாரணத் தொழிலாளி மனைவியோடும் மூன்று மக்களோடும் மனிதராய் வாழப் போதுமான கூலி நாளொன்றுக்கு 7 ஷில்லிங் என்று நீதிபதி ஹிக்கின்ஸ் தீர்ப்புரைத்தார். கொட்டகையில் தொடங்கிய காரியம், தொழிலாளர் கூலிச் சட்டத்தில் போய் முடிந்தது விந்தை.

தொழிற்சாலைகள் பெருகினபின்னும் பண்ணையில் கைவேலை ஒழியவில்லை. நகரம் எட்டாத தொலைவு. உறுப்பு வருவதற்குள் கதிர் உதிர்ந்துவிடும். எனவே பச்சைத்தோலை நனைத்து வார் பிடித்து, விரிசல் கண்ட மரக்காலைச் சுற்றி இறுக்கிக் கட்டுவர். தோல் உலர உலரச் சுருங்கி இரும்புப் பூண்போல் பிடிக்கும். நம்மவர் சக்கரத்துக்குப் பட்டையைப் பழுக்கக் காய்ச்சி ஏற்றிக் குளிரவைப்பதும் சுருக்கத்தைப் பயன்கொள்ளும் யுக்தியே. அங்கே வெப்பம் செய்வதை இங்கே ஈரம் செய்கிறது. வேலிக்கம்பியை இரட்டையாகச் சுற்றி நடுவே ஓர் ஆணியைச் செருகி முறுக்கினால், ஒடிந்த சட்டமும் அறுவடை முடியும்வரை தாங்கும். தேய்ந்த வெள்ளீயத் தாங்கியை உருக்கி மறுபடி வார்க்கையில், உலோகம் தண்டில் ஒட்டாதிருக்கத் தண்டை மெழுகுவர்த்திப் புகையில் கறுப்பாக்கி, இருபுறமும் களிமண்ணால் அடைத்துவிட்டு ஊற்றுவர். மண்ணெண்ணெய்த் தகரமோ அங்கும் இங்கும் ஒரே அளவில் வந்து, அங்கும் இங்கும் வாளியாயிற்று, புனலாயிற்று, கூரையுமாயிற்று.

யுத்தகாலத்தில் 1940-ம் வருஷம் அக்டோபர் முதல் அந்நாட்டில் பெட்ரோலுக்குக் கட்டுப்பாடு வந்தது. அப்போது மோட்டார்களுக்கும் டிராக்டர்களுக்கும் கரிவாயு உலைகளைப் பூட்டினர். பழைய இரும்புப் பீப்பாய்களைக் கொண்டு தாமே செய்துகொண்டோரும் உண்டு. கரியைக் குறைந்த காற்றில் எரித்தால் எழும் வாயுவை வடிகட்டி என்ஜினுக்குள் விடுவதே அதன் சாரம். என்ஜினின் பலம் மூன்றிலொரு பங்கு குறையும், காலையில் உலை மூட்ட நேரமாகும், வடிகட்டி அடைபடும், மூடிய கொட்டகையில் அவ்வாயு கசிந்தால் மணமின்றி ஆளைக் கொல்லும். சென்னை ராஜதானியிலும் அக்காலத்தில் பஸ்கள் கரியில் ஓடின. மேட்டில் ஏற மாட்டாமல் நிற்கும் பஸ்ஸை இறங்கித் தள்ளிய பெரியோர் வாயிலாக நாம் அக்கதைகளைக் கேட்டிருக்கிறோம்.

இறுதியாக, நம் வயலில் நின்று ஒன்றைக் காட்டுவோம். இன்று டிராக்டருக்குப் பின்னே மாட்டும் ஒன்பது கொத்துக் கலப்பையில், கொத்துக்களுக்கு மேலே சுருள்வில்கள் பூட்டியிருப்பதை எல்லோரும் கண்டிருப்பர். கல்லிலோ வேரிலோ மோதிய கொத்து மட்டும் பின்னே சாய்ந்து மேலெழ, வில் அதை மீண்டும் மண்ணுக்குள் தள்ளும். ஸ்மித் பாரத்தைக்கொண்டு செய்ததை இங்கே வில் செய்கிறது. கொத்து முனை தேய்ந்தால், கழித்த லாரியின் பட்டைவில்லை அறுத்து நம் ஊர்க் கொல்லர் புதிய முனை அடித்துத் தருகிறார். 1837-ல் அமெரிக்காவின் இல்லினாய் நாட்டில் ஜான் டீர் என்னும் கொல்லர், ஒடிந்த மரவாளின் எஃகைக் கொண்டு, ஒட்டும் கரிசலிலும் வழுவழுவென்று ஓடும் கலப்பை அடித்தார். அதிலிருந்து ஒரு பெரிய கம்பெனியே எழுந்தது. பட்டைவில்லில் முதன்முதல் முனை அடித்த நம் கொல்லர் யாரென்று எவரும் எழுதிவைக்கவில்லை.

இதன்பொருட்டே அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். தங்கள் பாட்டனாரோ தந்தையாரோ, ஊர்ப் பட்டறைக்காரரோ, கமலை, செக்கு, வண்டி, ஆயில் என்ஜின், பம்பு இவற்றில் தம் கையால் செய்த மாற்றம் ஏதேனும் நினைவிலிருப்பின், இன்ன ஊர், ஏறக்குறைய இன்ன வருஷம், எந்தப் பொருளால் எவ்வாறு செய்தனர் என்று நாலு வரி எழுதியனுப்புக. படம் வரையத் தெரிந்தோர் வரைந்தனுப்புக, கோணலாயினும் குற்றமில்லை. கமலையின் தோற்பறி பற்றி நமக்கு முன்பே வந்துள்ள இரண்டு கடிதங்கள், தும்பியின் நீளத்தைப் பற்றித் தம்முள் மாறுபடுகின்றன. எது சரியென்று அறிந்த முதியோர் முதலில் எழுதுவாராக.